முழங்கைக் கோடு

நான் ஒன்றும் குள்ளமாகிவிடவில்லை, சமையல் மேடைதான் தாழ்வு. இதை மட்டும் சொன்னால் போதும். முதுகு வலியைப் பற்றி வாய் திறக்கக்கூடாது, வயதாகிறது என்று சொல்லிவிடுவார்கள். காய் நறுக்கி முடித்த பிறகு நிமிர மறந்து, குனிந்த வாக்கிலேயே கூடம் வரைக்கும் நடந்து போகிறேனே, அதைச் சொல்லவே கூடாது.

மனதுக்குள் ஒத்திகை பார்த்தபடியே அவள் கதவைத் திறந்தாள். கட்டட ஒப்பந்தக்காரர்களுக்கு லைசென்ஸ் கொடுக்கும் அலுவலகத்திலிருந்து, அவள் கொடுத்த புகாரை விசாரிக்க வந்த பெண் அதிகாரி, கையில் டேப்போடு நின்றார். பின்னால் காண்ட்ராக்டர், விருந்துக்கு வந்தவர் மாதிரி சிரித்துக்கொண்டு.

"என் வேலையில இதுவரைக்கும் யாரும் குறை சொன்னதில்ல மேடம். என் மாமியாரே சொன்னதில்லன்னா பாத்துக்குங்க."

"இவளுக்கு எல்லாத்துலயும் குறைதாங்க, என்னைத் தவிர," என்றான் கணவன்.

"உங்களையும் சேத்துதான்," என்றாள் அவள். அதிகாரி சிரித்துவிட்டார்.

புதுச் சமையலறையில் வெளிச்சம் தாராளமாக விழுந்தது. அதிகாரி டேப்பை நீட்டி மேடையை அளந்தார்.

"வழக்கமா வைக்கிறதவிடத் தாழ்வாத்தான் இருக்கு."

அப்பாடா என்றிருந்தது அவளுக்கு. ஆனால் காண்ட்ராக்டர் அசரவில்லை.

"வழக்கம் எதுக்கு மேடம்? சமைக்கிறவங்களுக்குத்தானே மேடை. அக்காவை நிக்க வச்சு, கையை மடக்கச் சொல்லி, முழங்கைக்கு நேரா பின்பக்கச் சுவத்துல கொத்தனார் கோடு போட்டாரு. அதுக்குக் கீழ ஒரு கை அகலம் விட்டு மேடை. நான் பக்கத்துலயே இருந்தேன்."

"என்னை யாரும் நிக்க வைக்கல. அந்த வாரம் பூரா நான் ஊர்லயே இல்ல. தங்கச்சிக்கு ஆபரேஷன், ஆஸ்பத்திரியில இருந்தேன்."

"அக்கா, என்ன இப்படிச் சொல்றீங்க? வெறுங்காலோட வந்து ஈர சிமெண்ட் பக்கத்துல நின்னீங்க. ஒரு வார்த்தை பேசல. இன்னும் கொஞ்சம் தாழ்த்தவான்னு கொத்தனார் கேட்டாரு, உங்க இஷ்டம்ங்கிற மாதிரி பாத்தீங்க."

அவருடைய முகத்தில் பொய் இல்லை.

அதிகாரி கணவன் பக்கம் திரும்பினார். "நீங்க சொல்லுங்க. இவங்க அன்னைக்கு வீட்ல இல்லையா?"

"இல்ல, தங்கச்சி வீட்டுக்குப் போயிருந்தா..." என்று தொடங்கியவன் நெற்றியைத் தேய்த்தான். "ஆனா சாயங்காலம் நான் வந்ததும் டீ குடுத்தியே? சர்க்கரை கம்மின்னேன், பேசாம போட்டுக் கொண்டுவந்தியே?"

"நான் ஆஸ்பத்திரியில இருந்தேங்க. நீங்க எனக்கு ஒரு போன்கூடப் பண்ணல."

"வீட்லயே இருக்கிறவளுக்கு எதுக்கும்மா போன்?"

சொல்லிவிட்டுச் சிரித்தான். கூடச் சிரிக்க யாரும் இல்லாமல் நிறுத்திக்கொண்டான்.

அந்த வாரம் ஆஸ்பத்திரியில் தங்கையின் கட்டிலுக்குப் பக்கத்தில் போனை மடியில் வைத்துக்கொண்டு அவள் உட்கார்ந்திருந்தாள். வேலை அதிகம் போலிருக்கிறது என்று அவனுக்காக அவளே சமாதானம் சொல்லிக்கொண்டாள். அவனுக்கு எந்தக் குறையும் இல்லாமல் இருந்திருக்கிறது. சொன்னதைச் செய்துகொண்டு, பேசாமல் ஒருத்தி இங்கே இருந்திருக்கிறாள். வீட்டுக்கு அது வசதியாகக்கூட இருந்திருக்கும்.

காண்ட்ராக்டர் அவர்களைத் துணி துவைக்கும் பின்பக்கத்துக்கு அழைத்துப் போனார். அங்கே சுவரை இன்னும் பூசவில்லை. செங்கல்மேல் கொத்தனாரின் பென்சில் கோடு அப்படியே இருந்தது.

"கொஞ்சம் நில்லுங்கம்மா, பாத்துடலாம்," என்றார் அதிகாரி.

அவள் முதுகைச் சுவரோடு ஒட்டி, எவ்வளவு முடியுமோ அவ்வளவு நிமிர்ந்து நின்றாள். கையை மடக்கினாள். முழங்கை போய் அந்தக் கோட்டின்மேல் உட்கார்ந்தது. ஒரு நூல்கூட மேலே இல்லை.

"உங்க உயரம்தாம்மா."

எக்காமலே பரணில் இருந்து அண்டா எடுத்தவள் நான். போன கோடைக்குக்கூட எடுத்தேன். இதை எதைக் காட்டி நிரூபிப்பது?

அதிகாரி குரலைத் தணித்தார். நல்ல மனுஷிதான்.

"இதோ பாருங்க, உங்களுக்கு வேலை நடக்கணும். இவருக்கு லைசென்ஸ்ல கரும்புள்ளி விழக்கூடாது. அன்னைக்கு நின்னு அளவு குடுத்தது நீங்கதான்னு ஒத்துக்குங்க. மேடையை உசத்திக் குடுக்க நான் பொறுப்பு."

"நாளைக்கே ஆள் அனுப்புறேன்க்கா. சல்லிக்காசு வேண்டாம்," என்றார் காண்ட்ராக்டர்.

"ஒரு வார்த்தைதானே, சொல்லிடேன்," என்றான் கணவன். "மறந்திருப்பே. யாருக்குத்தான் மறதி இல்ல?"

ஒரு வார்த்தைதான். சொன்னால் நிமிர்ந்து நின்று சமைக்கலாம். ஆனால் அன்று நின்றது நான் என்று சொல்லிவிட்டால், ஆஸ்பத்திரி நாற்காலியில் காத்திருந்தவள் யார்? அவளுக்கு இந்த வீட்டில் இடம் எங்கே?

"நல்லது," என்று அதிகாரி டேப்பைச் சுருட்டினார். "சரின்னுட்டீங்க, முடிஞ்சுது."

"இதை முன்னாடியே சொல்லியிருக்கலாம்ல?" என்றான் கணவன், நிம்மதியாக.

அவள் உதட்டைக்கூடப் பிரிக்கவில்லை. மூன்று பேரையும் பார்த்தாள். மூன்று பேரின் கண்களும் அவள் முகத்துக்குச் சற்றுக் கீழே, அவளைவிடக் குட்டையான ஒருத்தியின் முகம் இருக்கக்கூடிய இடத்தில் பதிந்திருந்தன.

சுவர் முதுகில் சில்லென்றது. அவள் அதைவிட்டு விலகி வெயிலுக்கு வந்தாள்.

"நான் இன்னும் பேசவே இல்லைங்க," என்றாள் மெதுவாக. கண்கள் ஒவ்வொன்றாக மேலேறி அவளிடம் வந்தன. "மேடை அப்படியே இருக்கட்டும். நின்னது நான் இல்ல. நான்னு சொல்ல மாட்டேன்."