ஐம்பத்து நாலு காற்று

டேரியா கோபம் வந்தால் கத்த மாட்டாள். சைக்கிளைத் துடைப்பாள். மார்ச் மாதத்தின் அந்தச் செவ்வாய்க்கிழமை இரண்டு சக்கரங்களையும் நான்கு தடவை துடைத்தாள்.

காரணம் கர்டிஸ். ஆறு வருஷமாக ஸ்குவாமிஷ் மலையில் அவளோடு சைக்கிள் ஓட்டுகிறவன். ஒரே டிரக்கில் போவார்கள், இறங்கி வந்ததும் அதன் பின்கதவில் உட்கார்ந்து ஒன்றாக பியர் குடிப்பார்கள். அப்படிப்பட்டவன் அவளுடைய குளிர்காலம் முழுவதையும் அலுங்காமல் தூக்கித் தன் பெயரைப் போட்டுக்கொண்டான்.

ஊரில் சைக்கிள் கடை வைத்திருக்கும் லோர்னாவுக்கு நவம்பரில் இரண்டு ஃபோர்க் வந்தன. முன்சக்கரத்தைப் பிடித்திருக்கும் கால்கள்தான் ஃபோர்க். உள்ளே அடைத்திருக்கும் காற்று பாறையின் இடியை வாங்கிக்கொள்ளும். இது இன்னும் விற்பனைக்கே வராத மாடல். எந்த எடைக்கு எவ்வளவு காற்று என்ற அட்டவணைகூடக் கம்பெனி போடவில்லை. லோர்னா ஒன்றை டேரியாவிடமும் ஒன்றைக் கர்டிஸிடமும் கொடுத்தாள். யார் நன்றாகச் சோதித்து எழுதுகிறார்களோ, கடைக்கு வரும் புதுச் சாமான் எல்லாம் இனி முதலில் அவர்கள் கைக்குத்தான் போகும் என்றாள். டேரியாவுக்கு வாழ்க்கையில் வேறு எதுவும் அவ்வளவு வேண்டியிருக்கவில்லை.

மழையில் ஒவ்வொரு சனிக்கிழமையும் ஒரே பாதையில் ஏறி இறங்கினாள். பம்பின் முள்ளைப் பார்த்துக் காற்றை இரண்டு கூட்டுவாள், ஓட்டுவாள், இரண்டு குறைப்பாள், மறுபடி ஓட்டுவாள். விரல் மரத்துப்போன கையோடு குறித்துக்கொள்வாள். கர்டிஸ் தன்னுடையதை வெயில் அடித்த நாட்களில் மாட்டிப் படம் எடுத்ததோடு சரி. டேரியா எழுதி முடித்ததும், நடை சரியா பார் என்று அவனுக்கே அனுப்பி வைத்தாள். அந்த முட்டாள்தனத்தை நினைத்தால்தான் சக்கரத்தை ஐந்தாவது தடவையும் துடைக்கத் தோன்றியது.

மூன்றாம் நாள் அவன் வலைத்தளத்தில் அத்தனையும் வந்துவிட்டது. பின்னாலேயே டேரியா தன்னுடையதைக் கொண்டுபோய்க் கொடுத்தாள். லோர்னா இரண்டையும் பார்த்துவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றினாள்.

"ரெண்டும் ஒண்ணா இருக்கேம்மா. அவன் முதல்லயே போட்டுட்டான்."

"அது என்னோடது, லோர்னா."

"அவனும் அதைத்தான் சொல்றான். நான் யாரை நம்ப?"

அன்று இரவு சாப்பிடக்கூடப் பிடிக்காமல் அவன் கட்டுரையை வரி வரியாகப் படித்தாள். ஈயடிச்சான் காப்பி. கமாவைக்கூட விடவில்லை. கடைசிப் பத்திக்கு வந்ததும் சிரித்துவிட்டாள். 'என் உடம்புக்கு ஐம்பத்து நாலு காற்று கச்சிதம்' என்று இருந்தது. ஐம்பத்திரண்டு கிலோ டேரியாவின் உடம்பு அது. கர்டிஸ் தொண்ணூற்றாறு கிலோ; அந்த எடையைத் தாங்க இன்னும் நிறையக் காற்று வேண்டும். ஓட்டிப் பார்க்காதவனுக்குத் தன் எண் எது என்று எப்படித் தெரியும்? அதனால் அவள் எண்ணையே வைத்துவிட்டான். புது மாடல், அப்படித்தான் போல என்று லோர்னாவும் விட்டுவிட்டாள்.

பதறாத காரியம் சிதறாது. டேரியா யாரிடமும் வாயைத் திறக்கவில்லை.

சனிக்கிழமை கடைக்காரர்கள், வாடிக்கையாளர்கள் எல்லாம் சேர்ந்து இருபது பேர் மலையடிவாரத்தில் கூடினார்கள். இனிமேல் கர்டிஸ்தான் சோதனை ஓட்டுநர் என்று லோர்னா அறிவித்தாள். எல்லோரும் கை தட்டினார்கள். டேரியாவும் தட்டினாள்.

"மச்சி, நீ எழுதின அதே காத்துல ஓட்டிக் காட்டேன். எல்லாரும் பாக்கட்டும்," என்றாள் கர்டிஸிடம்.

கர்டிஸ் அவளைப் பார்த்தான். "இப்ப எதுக்கு?"

"ஏன், கச்சிதம்னுதான எழுதியிருக்க?"

"ஆமா கர்டிஸ், வை," என்றாள் லோர்னா, தன் வேனிலிருந்து ஃபோர்க்குக்கான பம்பை எடுத்துக் கொடுத்து. இருபது பேர் பார்க்க அவன் ஐம்பத்து நாலு வைத்தான். பம்ப் மறுபடி வேனுக்குள் போனது. அவன் ஏறி உட்கார்ந்ததும் முன்பக்கம் பாதி இறங்கியது.

"நல்லா மெத்துனு இருக்கு போலயே," என்றான் ஒருவன்.

"புது மாடல்," என்றான் கர்டிஸ்.

ஒரு மணி நேரம் மிதித்து மேலே ஏறினார்கள். இறக்கத்தில் கர்டிஸ் முன்னால், டேரியா அவனுக்குப் பின்னால். மரவேர்கள் குறுக்கே ஓடிய முதல் இடத்திலேயே ஃபோர்க் அடிவரை போய் 'டக்' என்று இடித்தது. அடுத்த பள்ளத்தில் மறுபடி 'டக்'. அவன் தோள் ஒவ்வொரு தடவையும் தூக்கிப் போட்டது. திருடனுக்குத் தேள் கொட்டிய மாதிரி, அவன் வாயிலிருந்து ஒரு சத்தம் வரவில்லை. அந்த 'டக்' ஒவ்வொன்றும் டேரியாவுக்குத் தேனாக இனித்தது. ஈரமான சனிக்கிழமைகளுக்கு ஒவ்வொன்றாக வசூலித்துக்கொண்டே இறங்கினாள்.

கருங்கல் சரிவின் உச்சியில் அவன் நின்றுவிட்டான். வீட்டுக் கூரை மாதிரி செங்குத்தான பாறை, அடியில் ஒரு குழி. அந்தக் குழியில் ஃபோர்க் தாங்கவில்லை என்றால் ஆள் தலைகீழாகப் போவான். அங்கே ஓட்டுகிற அத்தனை பேருக்கும் அது தெரியும். பின்னால் வந்தவர்களும் நின்றார்கள்.

அவன் அவள் பக்கம் குனிந்தான். "பம்ப் வச்சிருக்கியா?"

அதை மலைக்கு மேலே தூக்கி வருகிறவர்கள் சோதனை செய்கிறவர்கள்தான். "வச்சிருக்கேன்."

"குடு."

"எதுக்கு? கச்சிதமாதான இருக்கு?"

"டேரியா, விளையாடாத. மூஞ்சி பேந்துடும்."

"அப்ப சொல்லு. அது யாரோட நம்பர்?"

அவன் முணுமுணுத்தான்.

"பின்னாடி இருக்கறவங்களுக்குக் கேக்கல."

"உன்னோடது," என்றான்.

"நம்பர் மட்டுமா?"

கர்டிஸ் ஹெல்மெட்டைக் கழற்றினான். முகம் சிவந்திருந்தது. "எல்லாமே அவளோடது. நான் எடுத்துப் போட்டேன்," என்று சத்தமாகச் சொன்னான்.

லோர்னா சைக்கிளைத் தள்ளிக்கொண்டு முன்னால் வந்தாள். "ஃபோர்க்கைக் கழட்டி நாளைக்குக் கடையில வச்சிடு, கர்டிஸ்," என்றாள். பிறகு டேரியாவைப் பார்த்து, "திங்கக்கிழமை புது பிரேக் வருது. வந்து எடுத்துக்கோ. நான் சொன்னதை மனசுல வச்சுக்காத," என்றாள். டேரியா தலையை ஆட்டினாள். மனசில் வைத்துக்கொள்ளத்தான் போகிறாள், ஆனால் பிரேக்கையும் வாங்கிக்கொள்வாள்.

பையிலிருந்து பம்பை எடுத்து அவன் கையில் கொடுத்தாள். அவன் அதை மாட்டினான். இரண்டு அடி அடித்துவிட்டு நிறுத்தினான்.

"எனக்கு எவ்வளவு வைக்கணும்?"

அவளால் மனக்கணக்கிலேயே ஏறக்குறைய சரியாகச் சொல்லியிருக்க முடியும். ஆறு வருஷ நட்புக்கு அது பெரிய விஷயமே இல்லை.

"நான் தொண்ணூத்தாறு கிலோ இருந்ததில்லயே, கர்டிஸ்," என்றாள். "ஓட்டிப் பாத்துதான் கண்டுபிடிக்கணும்."

பிரேக்கை விட்டுச் சரிவில் இறங்கினாள். குழி அவளை வாங்கி மேலே விட்டது. கீழே நின்று திரும்பிப் பார்த்தபோது, மற்றவர்கள் ஒவ்வொருவராக ஓட்டி வந்துகொண்டிருந்தார்கள். பாறையின் ஓரமாகக் கர்டிஸ் சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு நடந்து இறங்கினான்.