சின்ன வட்டம் இருந்த பக்கம்

பந்து உருண்டு போய்க்கொண்டிருக்கிறது, கறுப்புப் பந்து, ஒட்ட வெட்டிய புல்லின் மேல் சத்தமே இல்லாமல், இன்னும் வளையவில்லை, வேகம் குறைந்தால்தான் வளையும், அதுவரை பவளக்கொடிக்கு உயிர் உயிராக இல்லை, பந்தின் ஒரு பக்கத்தில் பொறித்த சின்ன வட்டத்தை உள்பக்கம் வைத்துப் பிடித்தோமா வெளிப்பக்கமா என்பது பந்தை விட்ட மறுகணமே மறந்துபோயிற்று, சின்ன வட்டம் இருக்கும் பக்கம்தான் பந்து சாயும், புல்தரை போலிங்கில் முதல் நாளே சொல்லித்தருகிற சங்கதி, மலேசியாவுக்காக ஆடியவளுக்கு இது மறக்குமா, பல் தேய்க்க மறக்குமா, ஆனால் போன வாரம் மறந்தது, அதற்கு முன்பும் மறந்தது, பயிற்சியாளன் ஹாஃபிஸ் தங்கமான பையன், முகத்தைப் பார்க்க முடியாமல் தரையைப் பார்த்துக்கொண்டுதான் சொன்னான், இன்னொரு தடவை பந்து பக்கத்துத் தடத்துக்குப் போனால் அணியில் இடமில்லை ஆண்ட்டி, அணி இல்லாவிட்டால் காலையில் எழுந்து நான் எதற்குச் சப்பாத்து மாட்டுவது என்று அவள் கேட்கவில்லை, கேட்டிருக்கலாம்.

அந்தக் கோடியில், தடத்துக்கு ஒன்றாகக் குறி வைத்த வெள்ளைக் குண்டுக்குப் பின்னால் நிற்பது ரெஜினா, கல்யாணமான புதிதிலிருந்தே ஜோடி, குண்டப் பாக்காத லா, என் கையப் பாரு என்பாள், அந்தக் கையைப் பார்த்தே உலகத்தைச் சுற்றியாயிற்று, இப்போதும் கையை உயர்த்துகிறாள், கையில் கம்பளி உறை, கோலாலம்பூர் வெயிலில் கம்பளி எதற்கு, ஓ, இது ஸ்காட்லாந்து, இறுதியாட்டம், கடைசிப் பந்து, கோலி உருட்ட ஏரோப்ளேன் ஏறிப் போறா என் பொண்டாட்டி என்று கிள்ளான் முழுக்கச் சொல்லிச் சிரித்த குணாளன் விமான நிலையத்தில் மூக்கைச் சிந்திக்கொண்டு நிற்கிறார், ஜெயிச்சிட்டு வா பவளம் என்கிறார், பந்து வேகம் குறைந்து வெளிப்பக்கம் சாய்கிறது, பக்கத்துத் தடத்துக்குள் போய்ப் படுத்துக்கொள்கிறது, மானம் போயிற்று, ரெஜினா அவ்வளவு தூரமும் நடந்து வந்து, பந்தைத் துடைத்து அவள் கையில் வைத்து, குளிருல கை வெறச்சிருச்சி, உன் தப்பு இல்ல லா என்கிறாள், வெள்ளிப் பதக்கம், அதைப் பவளக்கொடி பார்ப்பதேயில்லை, அதற்கப்புறம் நியூசிலாந்து, தில்லி, மெல்பர்ன், ஜெயித்த ஆட்டங்களெல்லாம் ஒரே பச்சையாகக் குழம்பிக் கிடக்கின்றன, தோற்ற அந்த ஒன்று மட்டும் கழுவி வைத்த தட்டு மாதிரி பளிச்சென்று இருக்கிறது, இது என்ன நியாயம்.

பந்து மெதுவாகிறது, இப்போது சாய்கிறது, எந்தப் பக்கம், கடவுளே எந்தப் பக்கம், யாரோ இரண்டு கிழவர்கள் காலை நகர்த்தி வழி விடுகிறார்கள், இவர்கள் எப்போது நம் ஆட்டத்துக்குள் வந்தார்கள், பந்து தள்ளாடி, தயங்கி, ஒரு வெள்ளைக் குண்டின் மேல் கன்னத்தோடு கன்னம் ஒட்டி நிற்கிறது, ஒட்டிருச்சி, ரெஜினா, ஒட்டிருச்சி லா, பவளக்கொடி இரண்டு கைகளையும் தூக்கிக் குதிக்கிறாள், இத்தனை வருஷம் நெஞ்சில் கிடந்தது இறங்கிப் போகிறது, பக்கத்தில் ஹாஃபிஸ் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறான், ரெஜினா ஏன் அவ்வளவு தள்ளி நிற்கிறாள், ஒரு தடம் தள்ளி, காலடியில் இன்னொரு வெள்ளைக் குண்டை வைத்துக்கொண்டு, உறையில்லாத கையால் கண்ணைத் துடைக்கிறாள், பிறகு கைதட்டுகிறாள், அவள் ஒருத்தி மட்டும், ஜெயிச்சிட்டோம் லா பவளம், ஜெயிச்சிட்டோம்.