மெக்கானிக் தலைக்கு மேல் எரிந்த குறி

அந்தக் கணினி விளையாட்டு வெளியான மறுநாள் காலை, லிஃப்ட் மெக்கானிக் பல் துலக்கிக்கொண்டிருந்தபோது, அவர் தலைக்கு மேல் ஒரு முழ உயரத்தில் மஞ்சள் நிற ஆச்சரியக்குறி ஒன்று எரியத் தொடங்கியது. அதில் சூடு இல்லை, சத்தம் இல்லை. துண்டால் அடித்துப் பார்த்தார். துண்டு அதற்குள் புகுந்து வெளியே வந்தது. குனிந்தால் கூடவே இறங்கியது. தொப்பி போட்டால் தொப்பிக்கு மேல் ஏறிக்கொண்டது. அவர் மனைவி கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிக்கிறவள். வாசல் வெளிச்சத்தில் அவரை நிறுத்தி, பக்கவாட்டில் ஒருமுறை பார்த்து, "வலிக்குதா?" என்று கேட்டாள். இல்லை என்றார். "அப்ப கெளம்புங்க. எனக்கும் நேரமாச்சு" என்றாள். அன்றும் அவர் இரண்டு கட்டடங்களில் வேலை பார்த்துவிட்டுத்தான் வீடு திரும்பினார்.

ஒரு வாரத்தில் தெருவுக்குப் பழகிவிட்டது. கணினி விளையாட்டுகள் தெரிந்தவர்கள் தெரியாதவர்களுக்கு விளக்கிச் சொன்னார்கள்: இந்த வகை விளையாட்டில் நாம் ஒரு வேடம் எடுத்துக்கொண்டு ஊர் ஊராகப் போவோம், யார் தலைக்கு மேல் இந்தக் குறி இருக்கிறதோ அவரிடம் பேசினால் நமக்கொரு வேலை கொடுப்பார், முடித்துவிட்டு வந்தால் ஏதாவது தருவார். ஆகவே ஆட்கள் வந்தார்கள். கல்லூரிப் பிள்ளைகள், வங்கி ஊழியர்கள், கல்யாணமாகிக் குழந்தை பெற்றவர்கள் எல்லாம் வாசலில் வரிசையாக நின்று, "என்ன பண்ணணும் சொல்லுங்க" என்றார்கள். மெக்கானிக் முதலில் திட்டினார். பிறகு யோசித்து ஒருவனை கிரீஸ் டப்பா வாங்கி வர அனுப்பினார். இன்னொருவன் மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டியைக் கழுவினான். முடித்தவர்களுக்குத் தேநீர் கொடுத்தார். அவர்கள் பதக்கம் வாங்கியதுபோல் குடித்துவிட்டுப் போனார்கள். "இப்படி நாலு பேர் முன்னாடியே வந்திருந்தா நம்ம வீட்டுக்கு எப்பவோ வெள்ளை அடிச்சிருக்கலாம்" என்றாள் மனைவி.

இதற்கெல்லாம் காரணம் அவருடைய தம்பி. விளையாட்டுகளை வடிவமைக்கும் கம்பெனி ஒன்றில் அவன்தான் கதையை எழுதினான். எந்தக் கேள்விக்கு எந்தப் பதில், எந்தப் பதிலிலிருந்து எந்தப் பாதை என்று சுவர் முழுக்கத் துண்டுக் காகிதங்களை ஒட்டி, நூலால் இணைத்து வைத்திருப்பான். புதிய விளையாட்டில் ஒரு மலைக்கோட்டை, அதைக் காக்கப் போகிற ஒரு சிறு கூட்டம். அந்தக் கூட்டத்தில் கயிற்றுக்காரன் என்று ஒருவன். செங்குத்துப் பாறைகளில் எல்லோரையும் கூடையில் உட்காரவைத்து மேலே இழுப்பவன். அவனுடைய நடை, காதைச் சொறியும் விதம், முடிச்சைப் பல்லால் இறுக்குவது, பயந்தவர்களிடம் பேசும் பேச்சு எல்லாமே அண்ணனுடையது. குரலும் அண்ணனுடையதுதான்.

குரல் பதிவு அண்ணன் வீட்டு அலமாரிக்குள் நடந்தது. எதிரொலி வரக்கூடாது என்று உள்ளே கம்பளிகளைத் தொங்கவிட்டு, அவரை ஒரு முக்காலியில் உட்காரவைத்து, தம்பி வெளியிலிருந்து ஒவ்வொரு சீட்டாக நீட்டினான். இந்தத் தொழிலில் வரிகளைக் கதையின் வரிசைப்படி பதிவு செய்வதில்லை. கத்துகிற வரிகள் ஒரு நாள், முணுமுணுக்கிற வரிகள் ஒரு நாள், சிரிக்கிற வரிகள் ஒரு நாள். பேசுகிறவருக்குத் தான் யாரிடம், எதற்காகப் பேசுகிறோம் என்பது எழுதியவன் சொன்னால்தான் தெரியும். சிரிக்கிற நாளில் ஒரு சீட்டு வந்தது. அதில் இருந்தது மெக்கானிக் வாழ்நாள் முழுக்கச் சொல்லிவந்த வாக்கியம். மாடிகளுக்கு நடுவில் மாட்டிக்கொண்டவர்களை வெளியே இழுத்துப் போட்டதும் அவர்கள் கையைப் பிடித்துக்கொண்டு நன்றி சொல்வார்கள், அப்போது சொல்வது.

"இது யாருகிட்டடா சொல்றேன்?"

"ஒருத்தர் உனக்கு நன்றி சொல்றார்ணே. நீ எப்பவும் சொல்ற மாதிரியே சொல்லு."

மெக்கானிக் அலமாரிக்குள் சிரித்துக்கொண்டே சொன்னார்: "அட விடுங்க, இதான் என் வேலை." ஒரே தடவையில் சரியாக வந்துவிட்டது. தம்பி கம்பளியை விலக்கி, அவர் நெற்றி வேர்வையைத் தன் சட்டையால் துடைத்துவிட்டான்.

தம்பி சொல்லாத விஷயம் ஒன்று இருந்தது. வெளியீட்டுக்கு முன்பு விளையாட்டை ஆடிப் பார்த்தவர்களிடம் கம்பெனி ஒரு கேள்வி கேட்டது: கூட்டத்தில் உங்களுக்கு யாரை ரொம்பப் பிடிக்கிறது? கயிற்றுக்காரன் என்றார்கள், ஒருவர் பாக்கியில்லாமல். அந்த அலுவலகத்தில் ஒரு வழக்கம் உண்டு. எல்லோருக்கும் யாரைப் பிடிக்கிறதோ அவனைத்தான் துரோகி ஆக்குவார்கள். பிடிக்காதவன் துரோகம் செய்தால் ஆடுகிறவனுக்கு வலிக்காது. ஆகவே கடைசிக் கட்டத்தில் கயிற்றுக்காரன் கோட்டைவாசலை எதிரிக்குத் திறந்துவிட்டான்.

இரண்டாவது வாரம், ஆடியவர்களில் பெரும்பாலானவர்கள் அந்த வாசலை எட்டியபோது, மெக்கானிக் தலைக்கு மேலிருந்த குறி சிவப்பானது. மஞ்சள் போல அது தெருவுக்குப் பழகவில்லை. தேநீர் குடித்துவிட்டுப் போனவர்கள் எதிர்ப்பக்கம் நடந்தார்கள். தொட்டி கழுவியவன் வாசலில் துப்பிவிட்டுப் போனான். வேலை பார்க்கும் கட்டடங்களில் ஜனங்கள் படியேறத் தொடங்கினார்கள். எட்டாவது மாடிக்காரர்கள்கூட மூச்சு வாங்க ஏறினார்கள். கட்டடச் செயலாளர் ஒருவர் அவரைத் தனியாகக் கூப்பிட்டு, "உங்க மேல எனக்கு ஒரு சந்தேகமும் இல்ல. ஆனா அந்தக் கலரப் பாத்தா லிஃப்ட்ல ஏற மனசு வரலைங்க" என்றார். மெக்கானிக் எண்ணெய் போட்ட கயிற்றில் தொங்கும் பெட்டிக்குள் ஆட்கள் நம்பி ஏறினால்தான் அவருக்குப் பிழைப்பு. அவருக்குக் காரணம் தெரியவில்லை. தம்பியைக் கேட்டால், "எனக்கு உன் தலையில எதுவும் தெரியலையேண்ணே" என்றான். உண்மையாகவே அவன் கண்ணுக்கு மட்டும் அது படவில்லை. "அப்ப ஒருநாள் கடைக்கு வாங்க தம்பி, கண்ணச் செக் பண்ணிடலாம்" என்றாள் அண்ணி. "பவர் ஜாஸ்தியாத்தான் இருக்கும்."

காரணத்தைச் சொன்னவள் ஒரு விமர்சகி. இந்த வகை விளையாட்டுகளைப் பற்றி எழுதுவதுதான் அவள் பிழைப்பு. எந்த விளையாட்டையும் மூன்று முறை முடிக்காமல் எழுதமாட்டாள் என்று பெயர் வாங்கியவள். வாசலைத் திறந்துவிட்டுக் கயிற்றுக்காரன் சிரிக்கிற சிரிப்பைப் பற்றி அவள் எழுதிய கட்டுரைதான் விளையாட்டைத் தூக்கி நிறுத்தியது. ஒரு மத்தியானம், நான்காவது மாடிக்கும் ஐந்தாவது மாடிக்கும் நடுவில் அவள் மாட்டிக்கொண்டாள். மெக்கானிக் வந்து கதவை நெம்பித் திறந்து, ஐந்தாவது மாடித் தரையில் குப்புறப் படுத்து, கையை உள்ளே நீட்டினார். சிவப்பு வெளிச்சம் பெட்டிக்குள் விழுந்தது.

"கையப் பிடிங்கம்மா."

"வேணாம். விட்டுடுவீங்க."

"நான் ஏம்மா விடப்போறேன்?"

"கோட்டையில இருந்தவங்களும் அப்படித்தான் நெனச்சாங்க. கதவத் தொறந்து விட்டுட்டு சிரிச்சீங்களே."

அவர் முழித்த முழியைப் பார்த்து, இவருக்கு எதுவும் தெரியாதோ என்று அவளுக்குச் சந்தேகம் வந்தது. பெட்டிக்குள்ளேயே சம்மணம் போட்டு உட்கார்ந்து, முழுக்கதையையும் அந்தச் சந்து வழியாகச் சொன்னாள். வாசல் திறக்கிறது, எதிரிகள் உள்ளே பாய்கிறார்கள், ஆடுகிறவருக்கு மூன்று வரிகள் காட்டப்படும், ஒன்றைத் தேர்ந்தெடுக்கலாம். "நில்." "ஏன்?" "உன்னைத்தானே நம்பினேன்." எதைத் தேர்ந்தெடுத்தாலும் கயிற்றுக்காரன் சிரித்துக்கொண்டே ஒரே பதிலைத்தான் சொல்கிறான்: "அட விடுங்க, இதான் என் வேலை." "அது மட்டும் எனக்குப் புரியல. மத்த எடத்துல எல்லாம் ஒவ்வொரு கேள்விக்கும் தனித்தனிப் பதில் எழுதின ஆளு, இங்க மட்டும் மூணுக்கும் ஒண்ணையே ஏன் வச்சார்? சோம்பேறித்தனம்" என்றாள். சோம்பேறித்தனம் இல்லை என்பது மெக்கானிக்குக் குப்புறப் படுத்த நிலையிலேயே புரிந்தது. இன்னொரு பதில் வேண்டுமென்றால் தம்பி அவரை மறுபடி அலமாரிக்குள் உட்காரவைத்திருக்க வேண்டும். யாரிடம், எதற்குச் சொல்கிறேன் என்று அவர் கேட்டிருப்பார்.

விமர்சகி கடைசியில் கையைப் பிடித்து ஏறி வந்தாள். நன்றி என்றாள். அன்றிலிருந்து அந்த வாக்கியம் அவர் வாயில் வரவில்லை. நன்றி சொல்கிறவர்களைப் பார்த்துத் தலையை மட்டும் ஆட்டினார்.

தம்பியிடம் சண்டை போடவில்லை. "நீ என்ன வேணா எழுது. ஆனா அந்த எடத்துக்கு வேற பதில் பேசித் தர்றேன்டா. என்னைக்கு வரணும்னு சொல்லு" என்றார். தம்பி அடுத்த அப்டேட்டில் மாற்றிவிடுவதாகச் சத்தியம் செய்தான். அலமாரியில் கம்பளிகள் தொங்கியபடி இருந்தன. அவர் துணிகளை நாற்காலியில் மடித்து வைத்துக்கொண்டார். அப்டேட் வந்தது: குதிரைகளின் வால் சரிசெய்யப்பட்டது. அடுத்ததில் மழைச் சத்தம் மெருகேறியது. அதற்கடுத்ததில், ஆடுகிறவர் விரும்பினால் தாடி வைத்துக்கொள்ளலாம் என்றானது. வாசல் மட்டும் அப்படியே இருந்தது. இதற்கிடையில் விளையாட்டுக்கு விருது கிடைத்தது. தம்பி மேடையில், "எங்க அண்ணன் இல்லைன்னா இந்தத் துரோகமே இல்லை" என்றான். அரங்கம் எழுந்து நின்று கைதட்டியது. மெக்கானிக்கைக் கடைசிக் கட்டடமும் வேலையிலிருந்து நிறுத்திவிட்டிருந்த மாதம் அது.

விமர்சகி இரண்டாவது கட்டுரை ஒன்று எழுதினாள். கயிற்றுக்காரன் துரோகி இல்லை. துரோகம் செய்யத் தெரியாதவன் வாயில் ஒரு வாக்குமூலத்தை எழுதித் திணித்திருக்கிறார்கள் என்றாள். எழுதியவர் இதை ஒருமுறைகூட முதலிலிருந்து கடைசிவரை ஆடியிருக்கமாட்டார், எந்தக் காட்சியில் கோளாறோ அங்கே நேராகக் குதித்துப் பார்க்கிற பழக்கம்தான் இருக்கும் என்றும் எழுதினாள். இந்தக் கட்டுரையை முதல் கட்டுரை அளவுக்கு யாரும் படிக்கவில்லை. அண்ணி படித்தாள். படித்ததைக் கையோடு எடுத்துக்கொண்டு கொழுந்தனிடம் போனாள். "உண்மையா தம்பி?" தம்பி மழுப்பினான். "அப்ப எங்க வீட்டு ஹால்ல உக்காந்து ஆடுங்க. உங்க அண்ணன் பக்கத்துல இருக்கட்டும்."

மெக்கானிக்குக்கூட அதில் நம்பிக்கை வந்தது. கயிற்றுக்காரனோடு முழு வழியும் நடந்து வந்தால், அவன் கூடையில் உட்கார்ந்து அத்தனை பாறையும் ஏறினால், தம்பியால் அந்த வாசலை அப்படியே விட்டுவிட முடியாது என்று அவர் நினைத்தார். தம்பி லீவு போட்டுவிட்டு வந்தான். சனி, ஞாயிறு, திங்கள் என்று சோபாவிலேயே கிடந்தான். பாறைகளில் கயிற்றுக்காரன் "கீழ பாக்காதீங்க, என் மூஞ்சியப் பாருங்க" என்றபோது சத்தம் போட்டுச் சிரித்தான். "நீ மாட்டு ஆஸ்பத்திரி லிஃப்ட்ல சொன்னதுண்ணே இது!" என்றான். அண்ணனுக்கும் சிரிப்பு வந்தது. ரொம்ப நாளைக்குப் பிறகு இரண்டு பேரும் ஒரே தட்டில் சாப்பிட்டார்கள். செவ்வாய்க்கிழமை சாயங்காலம் வாசல் வந்தது. மூன்று வரிகள் திரையில் நின்றன. தம்பி ஒவ்வொன்றையும் வாய்விட்டுப் படித்தான். பிறகு மூன்றாவதைத் தேர்ந்தெடுத்தான். அலமாரிக்குள் பேசிய குரல் சிரித்துக்கொண்டே பதில் சொன்னது.

தம்பி அழுதான். மூக்கைச் சிந்தி, சோபாவின் கைப்பிடியில் முகத்தை வைத்துக்கொண்டு, தோள் குலுங்க அழுதான். அண்ணன் அவன் முதுகில் கையை வைத்தார். முடிந்தது, நாளைக்கே புதுப் பதில் பேசிவிடலாம் என்று அவர் நினைத்தது அண்ணிக்குத் தெரிந்தது. அவர் எழுந்து அலமாரிக் கதவைத் திறந்து, முக்காலியில் இருந்த தூசியைத் தட்டிவிட்டு வந்தார். தம்பி நிமிர்ந்து பார்த்தான். அவன் முகம் சிவப்பாக ஒளிர்ந்தது. முதன்முறையாகக் குறி அவன் கண்ணில் பட்டது.

"அண்ணே, எரியுதுண்ணே."

"ம்."

"இவ்ளோ நாள் எப்படிண்ணே..." என்று அவர் கையைப் பிடித்துக்கொண்டான். கண்ணைத் துடைத்தான். திரையைத் திரும்பிப் பார்த்தான், அண்ணனைப் பார்த்தான், மறுபடி திரையைப் பார்த்தான். "ஆனா இதுல கை வைக்கக் கூடாதுண்ணே. எவ்ளோ நல்லா வந்திருக்கு பாரு. நானே அழுதுட்டேன்."

அண்ணி சமையலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். மெக்கானிக் தன் கையை மெதுவாக உருவிக்கொண்டு, அலமாரியிலிருந்து கம்பளிகளைக் கழற்றினார். ஒவ்வொன்றாக உதறி மடித்தார். நாற்காலியில் கிடந்த தன் சட்டைகளை எடுத்து உள்ளே மாட்டினார். "சாப்ட்டுட்டுப் போங்க" என்றார், வீட்டுக்கு வந்த ஒரு கம்பெனி ஆளிடம் சொல்வதுபோல.

பிறகு அவருக்கு ஒரு கிடங்கில் சரக்கு லிஃப்ட் வேலை கிடைத்தது. அங்கே மூட்டைகள்தான் ஏறி இறங்கின. மூட்டைகள் நிறம் பார்ப்பதில்லை. லிஃப்ட் குழிக்குள் இறங்கும்போது அவருக்கு டார்ச் தேவைப்படவில்லை, இரண்டு கையும் வேலைக்கு இருந்தன. உரிமம் புதுப்பிக்கப் போனபோது அலுவலர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் அடையாளங்கள் என்ற இடத்தில், இடது முழங்கையில் மச்சம், தலைக்கு மேல் சிவப்புக் குறி என்று எழுதி முத்திரை குத்தினார். தம்பியின் அடுத்த விளையாட்டும் நன்றாக விற்றது. வருஷத்துக்கு ஒருமுறையோ இருமுறையோ அவன் அண்ணன் வீட்டுக்கு வருவான். மாடிப்படியின் பல்பு போய் வெகுநாளாகிறது. அண்ணன் தலைக்கு மேலிருக்கும் வெளிச்சம் போதும் என்று குடித்தனக்காரர்கள் யாரும் மாற்றவில்லை. கதவு திறந்ததும் படிகளில் சிவப்பு விழும். அதில் இடம் பார்த்துத் தம்பி செருப்பைக் கழற்றுவான். அண்ணன் ஒதுங்கி நின்று, "வாங்க" என்பார்.