பதினான்கு வெறுங்குழிகள்

1.
இந்தக் கதை பின்னேர விவசாய வகுப்பில் எழுதிய ஒரு வரியிலிருந்து வந்தது: 'வாடிய செடியையே பூச்சி தேடும்.' எழுபத்திரண்டாம் ஆண்டு மாசியில் அதை நம்பித்தான் நாட்குறிப்பைத் திறந்தேன். இப்போது அந்த வரியைப் பார்த்தாலே எரிச்சல் வருகிறது.

2.
தொடக்கம் ஒன்று: சண்டிலிப்பாயில் தங்கமுத்து என்றொரு விதவை, கண்ணீரோடு... (வேண்டாம். அவர் அழவில்லை.)

தொடக்கம் இரண்டு: தங்கமுத்துவுக்குக் கோபம். பங்குக் கிணற்றில் வாரத்துக்கு ஓர் இறைப்பு முறை அவருக்கு. அவருடைய புகையிலை முழுதும் அதை நம்பித்தான் நிற்கிறது. பக்கத்துத் தோட்டத்து ஆழ்வாப்பிள்ளையின் புகையிலைத் தண்டுகளிலோ புழு புகுந்து, கழலை கழலையாக வீக்கம். தங்கமுத்து தன் முறை நேரம் கடந்தும் இறைத்ததால் தன் செடிகள் வாடின என்கிறார் ஆழ்வாப்பிள்ளை. வாடியதால் புழு விழுந்ததாம். ஞாயிற்றுக்கிழமை பங்குகாரர் கூடி தங்கமுத்துவின் முறையை வெட்டப் பார்க்கிறார்கள். அதற்குமுன் எண்ணிச் சொல்ல ஓர் ஆள் வேண்டும். வகுப்புக்குப் போகிற பிள்ளை என்று என்னைப் பிடித்தார்கள்.

3.
எண்ணி நாட்குறிப்பில் எழுதினேன். ஆழ்வாப்பிள்ளையின் தோட்டத்து வாய்க்கால் தலைப்பில், தண்ணீர் குறையாத ஐம்பது செடிகளில் பத்தொன்பது வீங்கியிருந்தன. கடைக்கோடியில், வாடிய வரிசைகளில் ஆறுதான். கொழுத்த தண்டையே புழு விரும்புகிறது. தங்கமுத்து அந்த மாதத்தில் முதல்முறையாகச் சிரித்தார்.

(இங்கே கதையை முடித்திருக்கலாம். முடித்தும்விட்டேன். பிறகு திரும்ப எண்ணப் போனேன். என் குணம் அது.)

வாடிய வரிசைகளிலும் நட்டது ஐம்பது. நின்றவை முப்பத்தாறு. மற்றப் பதினான்கும் வெறுங்குழி. ஆழ்வாப்பிள்ளை அண்ணையைக் கேட்டேன்.

"பழுதானதைப் பிடுங்கி எரிச்சிட்டன், பிள்ளை. பின்னை வைச்சுப் பூசை செய்யிறதே?"

புழுவால் பழுதானதா, வாட்டத்தாலா? அவருக்கு நினைவில்லை. நல்ல கமக்காரன் செய்யவேண்டியதைச் செய்து என் விடையை எரித்துவிட்டார். பதினான்கும் வீங்கியவை என்றால் ஆறோடு சேர்த்து இருபது. இருபதுக்குப் பத்தொன்பது. ஒரேயொரு செடியால் வாடிய பக்கம் முந்திவிடும்!

4.
தங்கமுத்தக்காவிடம் சொன்னேன். அவர் மண்வெட்டியில் ஒட்டிய மண்ணை வழித்தார்.

"குழி கதைக்குமே? நீ ஏன் அதுக்காகக் கதைக்கிறாய்?"

முடிவு ஒன்று: பத்தொன்பது, ஆறு என்று சொல்லி அமர்கிறேன். அக்காவின் முறை தப்புகிறது.

முடிவு இரண்டு: குழிகளையும் சொல்கிறேன். 'ஒன்றும் தெரியாது' என்றுதான் சொல்கிறேன். 'அப்ப அவதான் காரணம்' என்றுதான் அவர்கள் காதில் விழுகிறது.

முடிவு மூன்று: அடுத்த போகத்தில் மறுபடி நட்டு, ஒன்றையும் பிடுங்காமல்... (ஞாயிறு நாளைக்கு.)

5.
ஞாயிறு. கிணற்றடியில் பங்குகாரர் கூடியிருக்கிறார்கள். "எத்தினை எண்டு வாசி, பிள்ளை" என்கிறார் ஆழ்வாப்பிள்ளை அண்ணை. தங்கமுத்தக்கா என்னைப் பார்க்கவில்லை; வாய்க்காலைப் பார்க்கிறார்.

நாட்குறிப்பு இப்போது உங்கள் கையில். வாசியுங்கள். எந்த வரியில் நிறுத்துவது என்று என்னைக் கேட்காதீர்கள்.