மை பிடிக்காத இடம்

கையில் பிசுக்கு இருந்தால், அட்டையில் தொட்ட இடத்தில் மை பிடிக்காது. "சோப்பு போட்டுக் கழுவிட்டு வாடி!" என்று, வாழ்த்து அட்டை செய்ய உட்காரும்போதெல்லாம் அக்கா விரட்டுவாள். போன வருஷம் மாடிப்படியில் வழுக்கி விழுந்து போய்ச் சேர்ந்தாள்.

அக்காவைக் கட்டியிருந்த அத்தானுக்கும் எனக்கும் கல்யாணம் என்று ஆனதும், அழைப்பிதழ்களை நானே செய்ய உட்கார்ந்தேன். யாரும் தொடாத புது அட்டை பாக்கெட்டைப் பிரித்து, முதல் அட்டையில் பஞ்சால் நீல மையைத் தேய்த்தேன். நடுவில் வெள்ளையாக ஒரு கை தெரிந்தது. சுண்டுவிரலில் நுனி இல்லை. அக்காவுக்குக் காகிதம் வெட்டும் கத்தி கொண்டுபோன நுனி.

"செத்தும் என் உயிரை வாங்கணுமாக்கா?" என்று பூப்போட்ட தாளை வெட்டி அதன்மேல் ஒட்டினேன்.

அடுத்த அட்டையில், அதே கையின் மணிக்கட்டை இன்னொரு பெரிய கை இறுக்கியிருந்தது. மோதிரம் இருக்கும் இடத்தில் மட்டும் நீல வளையம்.

கீழே செருப்புச் சத்தம். "முடிஞ்சுதா கண்ணு?" என்று கேட்டபடி அத்தான் ஏறி வந்தார். அவர் மோதிரம் படிக்கட்டுக் கைப்பிடியில் டக் டக்கென்று தட்டியது.