மாலத்தீவிலிருந்து வந்த பதினாலு பெட்டிகள்

தூத்துக்குடித் துறைமுகத்தில் பர்னபாஸ் கைக்கு வந்த சரக்கு இரண்டு நாளைக்கு மேல் தங்கியதில்லை. கிளியரிங் ஏஜென்சியில் இருபத்திரண்டு வருஷ வேலை. சுங்க அதிகாரி கேள்வி கேட்க வாயைத் திறக்கும்போதே பதில் காகிதத்தை நீட்டிவிடுவார். அப்படிப்பட்டவர் அந்த வெள்ளிக்கிழமை மத்தியானம், பதினாலு அட்டைப்பெட்டிகளை எப்படி வெளியே விடாமல் வைப்பது என்று மண்டையைக் குடைந்துகொண்டிருந்தார்.

பெட்டிகள் மாலத்தீவிலிருந்து வந்தவை. இந்தியப் பெருங்கடல் நாடுகளின் இளையோர் விளையாட்டு விழாவில் கால்பந்தை மட்டும் தூத்துக்குடிக்கு ஒதுக்கியிருந்தார்கள். மாலத்தீவுப் பெண்கள் விமானத்தில் வந்து இறங்கிவிட்டார்கள். எடை கூடுதல் என்று அவர்களுடைய சட்டை, பூட்ஸ் எல்லாம் கப்பலில் ஏறி, ஆடி அசைந்து இப்போதுதான் வந்திருந்தன. மறுநாள் நாலு மணிக்கு இந்தியாவோடு முதல் ஆட்டம். உடுப்பு இல்லாத அணி ஆட முடியாது. எதிரணி ஆடாமலே ஜெயித்ததாகிவிடும்.

இந்திய அணியின் கோல்கீப்பர் ஷெர்லி, பர்னபாஸின் மகள்.

போன வருஷம் இதே மாலத்தீவு இந்தியாவுக்கு ஏழு கோல் போட்டது. ஏழும் ஷெர்லியைத் தாண்டித்தான் போயின. சொந்த ஊரான தருவைகுளத்தில் அதை ஒருத்தரும் மறக்கவில்லை. மீன் வாங்கப் போனால்கூட ஏலக்காரன் தனராஜ் விடுவதில்லை.

"என்ன பர்னபாசு, ஒம் மவ வலையில மீனாவது நிக்குமாடே?"

இந்தத் தடவை ஊரே வேன் பிடித்து வருவதாக இருந்தது. போதாததற்கு, பெரிய இந்திய அணிக்கு ஆள் பொறுக்குகிறவர்களும் வருகிறார்களாம். ஷெர்லி அதைச் சந்தோஷமாகத்தான் சொன்னாள். பர்னபாஸோ அவர்கள் கண் முன்னாலும் ஏழு கோல் விழும் என்று கணக்குப் போட்டார்.

சரக்கு வைக்கும் கிட்டங்கியில் அதிகாரி ஒரு பெட்டியைத் திறந்து, பூட்ஸ் பழசா என்று கேட்டார். போட்டி முடிந்ததும் எல்லாம் திரும்பிப் போய்விடும் என்று விழாக் குழு கொடுத்த கடிதம் பர்னபாஸின் பையில் இருந்தது. அதைக் காட்டியிருந்தால் பெட்டிகள் அன்றைக்கே வெளியே போயிருக்கும்; அது பையிலேயே இருந்தது. அவர் ஒரு பூட்ஸை எடுத்துத் திருப்பிக் காட்டினார்.

"சார், அடியில மண்ணு ஒட்டியிருக்கு. வெளிநாட்டு மண்ணு."

அதிகாரி அசந்துபோனார். இப்படி ஒரு நேர்மையான ஆளைத் தன் சர்வீஸில் பார்த்ததில்லை என்றார். மண் என்றால், பயிர்நோய் உள்ளே வராமல் பார்க்கும் பிளான்ட் குவாரன்டைன் ஆபீஸிலிருந்து வந்து பரிசோதிக்க வேண்டும்; அது இனி திங்கட்கிழமைதான். தொழிலில் பர்னபாஸ் சொன்ன முழு உண்மைகளில் அதுவும் ஒன்று. முதலாவதாகக்கூட இருக்கலாம்.

அதோடு வாயை மூடிக்கொண்டு வீட்டுக்குப் போயிருக்கலாம். சந்தோஷம் தாங்காமல், அணியோடு விடுதியில் தங்கியிருந்த மகளுக்குப் போன் போட்டார்.

"ஏளா, நாளைக்கு மேட்ச் கெடையாது. ஜெயிச்சாச்சின்னு வச்சுக்க."

ஏன் என்று கேட்டாள். சொன்னார்.

"பெட்டி ஒங்க ஆபீசுக்குத்தான் வந்திச்சாப்பா?"

"ஆமா."

"ஒங்க கைக்கு வந்த சரக்கு நிக்குமா?"

பர்னபாஸ் சிக்னல் சரியில்லை என்று சொல்லிப் போனை வைத்துவிட்டார்.

சனிக்கிழமை, ஆடாமலே கிடைக்கும் வெற்றியைக் கொண்டாட, தேய்த்த சட்டையும் கையில் அரைக்கிலோ மக்ரூனுமாக மைதானத்துக்குப் போனார். மனைவி எமில்டா இடம் பிடித்து வைத்திருந்தாள். நாலு மணிக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது எதிர்ப்பக்கமிருந்து பச்சைச் சட்டையில் பதினோரு பெண்கள் ஓடிவந்தார்கள். சட்டைக் கை முழங்கையைத் தாண்டித் தொங்கியது. முதுகில் தருவைகுளம் என்று எழுதி, அதற்குக் கீழே ஒரு வலைக்கடையின் போன் நம்பர்.

ஷெர்லிதான் நேற்றே ஊருக்குப் போன் பண்ணினாளாம். பையன்களின் கிளப் சட்டைகள், பள்ளிக்கூடப் பிள்ளைகளின் பூட்ஸ் எல்லாம் பார்வையாளர் வேனிலேயே வந்து இறங்கின. விழாக் குழுவும் சரி என்றுவிட்டது. எமில்டா பெருமையாகச் சொல்லி முடித்துவிட்டுக் கேட்டாள்:

"பாவம் அந்தப் பிள்ளையள். பெட்டிய எவனோ வேணும்னே பிடிச்சி வச்சிருக்கான். அவன்லாம் வெளங்குவானா?"

பர்னபாஸ் ஒரு மக்ரூனை வாயில் போட்டுக்கொண்டார்.

பத்தாவது நிமிஷம் முதல் கோல். தருவைகுளத்துக் கூட்டம் தங்கள் சட்டை கோல் போட்டதைக் கண்டதும் பழக்கதோஷத்தில் எழுந்து கைதட்டியது. முதல் விசில் தனராஜுடையது. அப்புறம்தான் யாருக்கு எதிராகக் கைதட்டுகிறோம் என்பது உறைத்து, ஒவ்வொருவராக உட்கார்ந்தார்கள்.

மாலத்தீவுக்காரிகள் இந்தியக் கோலை விட்டு நகரவே இல்லை. ஷெர்லி விழுந்தாள், புரண்டாள், முகத்தாலும் ஒரு பந்தைத் தடுத்தாள். கடைசியில் நாலு கோல் உள்ளே போயிருந்தது. வெளியே தள்ளியது பத்தொன்பது என்று தேர்வாளர் அம்மாள் எண்ணி வைத்திருந்தார். ஷெர்லியைப் பயிற்சி முகாமுக்கு அழைக்கப்போவதாகப் பர்னபாஸிடம் வந்து சொன்னார்.

"இந்த ஆட்டம் நடக்கலைன்னா இவளைப் பாத்திருக்கவே மாட்டோம் சார். நாங்க இன்னிக்கு ராத்திரியே கிளம்பறோம். நல்லவேளை."

"ஆமா மேடம், நல்லவேளை" என்றார் பர்னபாஸ். பக்கத்தில் ஷெர்லி மூக்கில் பஞ்சை வைத்துக்கொண்டு அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

தேர்வாளர் நகர்ந்ததும், ஈரமும் சேறுமான பச்சைச் சட்டை மூட்டை ஒன்றை அவர் காலடியில் வைத்தாள்.

"பதினாறு சட்டப்பா. தொவச்சி நாளைக்கே ஊருல குடுத்திரணும்."

"அம்மாட்ட சொல்லுதேன்."

"அம்மாட்ட சொன்னா, பெட்டிய பிடிச்சி வச்சது யாருன்னும் நான் சொல்லணும். நீங்களே தொவைங்க."

பர்னபாஸ் மூட்டையைத் தோளில் ஏற்றினார். எமில்டா பார்க்குமுன் மைதானத்தைச் சுற்றிக்கொண்டு, சோப்புக் கட்டி வாங்கக் கடை தேடி நடந்தார்.