இறக்கும் பொத்தான்

ரிமோட்டை ஊசியண்ணன் என் கையில் வைத்தபோது அது புதுசு போல மின்னியது. பெயின்ட் தின்னர் வாடை மூக்கில் ஏறியது.

“ஒரே கிரீஸா கெடந்துச்சு. தங்கச்சி தொடுற சாமானாச்சேன்னு துடைச்சு வெச்சேன். ரோஸ் கலர்ல என்னமோ ஒட்டியிருந்துச்சு, அதையும் சொரண்டிட்டேன்.”

அது என் நகப்பூச்சு. லாரிக்குப் பின்னால் இருக்கும் வின்ச்சை இயக்கும் பெட்டி அந்த ரிமோட். இரண்டு முனையிலும் ஒரே மாதிரி கறுப்புப் பொத்தான். ஒன்று இரும்பு வடத்தை உருளையில் சுருட்டித் தூக்கும். மற்றது அவிழ்த்து இறக்கும். அம்புக்குறிகள் எனக்கு முன்னால் இருந்தவர்களின் கட்டைவிரல்களில் தேய்ந்துவிட்டன. வேலைக்குச் சேர்ந்த புதிதில் இறக்கும் பொத்தானில் ஒரு பொட்டு வைத்தேன். சிரிப்பார்கள் என்று யாரிடமும் சொல்லவில்லை.

இப்போதும் சொல்லவில்லை. அவர் முகத்தில் அவ்வளவு சந்தோஷம். ஒரு முனையை லேசாக அழுத்திப் பார்த்தேன். கொக்கி மேலே போனது. கட்டைவிரலை அங்கிருந்து எடுக்காமல் இருந்தால் போதும் என்று நினைத்துக்கொண்டேன்.

வாசலை அடைத்துக்கொண்டு நிற்கும் உடம்பு என்பதால் அவருக்கு ஊசி என்று பெயர். அண்ணி விடியும் முன்பே வேலைக்குப் போய்விடுவதால் மகளுக்குத் தலை பின்னுவது அவர்தான். “ரெட்டை சடை போட்டு ரிப்பனும் கட்டியாச்சு. டிரான்ஸ்ஃபார்மர் ஏத்துறது என்ன, இதவிடக் கஷ்டமா?” என்று தினமும் சொல்லித்தான் வேலையை ஆரம்பிப்பார்.

உருளை பழசு. வடம் ஒரு பக்கமாகவே குவியும். அவர் இடது கையால் லாரிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, வலது கையால் வடத்தைத் தள்ளித் தள்ளி வரிசையாக உட்கார வைப்பார். நிறுத்து என்று எனக்குக் காட்டவேண்டியதும் அதே வலது கைதான்.

“அண்ணே, ஒரு கம்பு வெச்சுத் தள்ளலாமே?” என்று ஒருமுறை கேட்டிருக்கிறேன்.

“கம்புக்கு என்ன தெரியும் தங்கச்சி? சும்மா பயந்து சாகாத.”

“சயின்ஸ் படிச்ச பொண்ணுய்யா,” என்றார் ஃபோர்மேன். “உன் கை எவ்வளவு வெயிட் தாங்கும்னு கணக்குப் போடுறா.” எல்லோரும் சிரித்தார்கள். நானும்.

அன்று நான் பொத்தானை அழுத்தியதும் டிரான்ஸ்ஃபார்மர் தரையை விட்டு எழுந்தது. வடம் முறுக்கேறி முனகியது. நான் அவருடைய வலது கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். வடத்தில் அறுந்து நீட்டிக்கொண்டிருந்த ஒரு கம்பிப் பிசிறு அவருடைய தோல் கையுறையைக் கவ்வியது. கை உயரும் என்று காத்திருந்தேன். உயரவில்லை. உருளையோடு போனது.

அவர் போட்ட சத்தத்தில் ரிமோட் என் கையிலிருந்து விழுந்தது. உருளை நின்றது. டிரான்ஸ்ஃபார்மர் அந்தரத்தில் மெதுவாகத் திரும்பிக்கொண்டிருந்தது. அதன் மொத்தக் கனமும் வடத்துக்கும் உருளைக்கும் நடுவில் இருந்த அந்தக் கையின் மேல்.

“எறக்கு! பாத்துக்கிட்டு நிக்கிற, எறக்கு!” என்று கத்தினார் ஃபோர்மேன்.

குனிந்து எடுத்தேன். இரண்டு முனை. இரண்டும் ஒன்று போல. தவறானதை அழுத்தினால் கை இன்னும் உள்ளே போகும்.

“சீக்கிரம், தங்கச்சி,” என்றார் ஊசியண்ணன். இப்போது கத்தவில்லை.

“அண்ணே, எது எறக்குறதுன்னு தெரியலயே!” என் குரல் அவ்வளவு பெரிதென்று எனக்கே தெரியாது.

பெட்டியை வெயிலில் சாய்த்தேன். ஒரு பொத்தானின் ஓர இடுக்கில், தின்னர் போய்ச் சேராத இடத்தில், தலைமுடி அகலத்துக்கு ஏதோ நிறம். ரோஸா, துருவா? பார்க்கப் பார்க்கத் துரு மாதிரியே இருந்தது.

அழுத்தினேன்.

உருளை பின்னோக்கிச் சுழன்றது.

ஜீப்பை ஃபோர்மேன் ஓட்டினார். “கையுறையைக் கழட்டாதீங்க, டாக்டர் கழட்டட்டும்,” என்று திரும்பத் திரும்பச் சொன்னார். பின் சீட்டில் என் மடியில் அந்தக் கை இருந்தது. ஊசியண்ணன் ஜன்னல் பக்கம் முகத்தை வைத்துக்கொண்டார்.

“நீயே பாத்துச் சொல்லு தங்கச்சி. எல்லாம் இருக்கா? எனக்கு ஒண்ணுமே தெரியல. காலையில பாப்பாவுக்குப் பள்ளிக்கூடம் இருக்கு.”

கையுறைத் தோலின் நிறம் விரல் நுனிகளிலிருந்து மெல்லக் கறுத்துக்கொண்டு வந்தது.

“இருக்குண்ணே,” என்றேன்.

ஐந்து விரல்களும் இருந்தன. கையுறைக்கு எப்போதும் ஐந்து விரல்கள்தான்.